குத்துப்பை வாங்குமுன்: தோட்டப்புற ஊருக்கு ஏற்ற ஓர் ஒப்பீடு

குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் பை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இணையக் கடைகளில் படங்களைப் பார்த்து, விலையையும் நிறத்தையும் ஒப்பிட்டு முடிவு செய்கிறார்கள். பை வீட்டு வாசலுக்கு வந்து இறங்கிய பிறகுதான் அதை எங்கே மாட்டுவது என்ற பேச்சே எழுகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற ஓர் ஊரில் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்வது நல்லது. தோட்டத்தில் இன்னும் எஞ்சியிருக்கும் பலகை வீடு, தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியில் உள்ள ஒற்றை மாடித் தரை வீடு, மலிவு விலை அடுக்குமாடி, கோயிலை ஒட்டிய மண்டபம் என்று நம்மிடம் உள்ள இடங்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டவை; ஒன்றில் நன்றாகப் பயன்படும் பை மற்றொன்றில் கூரையையோ அண்டை வீட்டாரின் உறவையோ கெடுத்துவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இளைஞர் சிலர் சேர்ந்து பணம் போட்டு ஒரு பயிற்சிக் கூடம் அமைப்பதானால், துணி நிரப்பிய தொங்கும் பை ஒன்றும், அதற்கென ஊர்ப் பட்டறையில் வெல்டிங் செய்த இரும்புச் சட்டமும், மேலும் கீழும் ரப்பரால் கட்டும் இருமுனைப் பந்து ஒன்றும் போதும். கடைகளில் பார்க்கும் மற்ற வகைகளுக்கு அதற்குப் பிறகுதான் இடம். தனி வீட்டில் ஒருவர் மட்டும் பழகுவதானால் இந்த வரிசை கொஞ்சம் மாறும். அதைப் பின்னால் பார்க்கலாம்.

ஒற்றை மாடித் தரை வீட்டில் தலைக்கு மேல் கான்கிரீட் தளம் கிடையாது. மெல்லிய சீலிங் பலகையும் அதற்கு மேல் கூரைச் சட்டமும்தான் இருக்கும். பழைய வீடுகளில் அது மரச் சட்டம். புதிய தாமான்கள் பலவற்றில் மெல்லிய இரும்புத் தகட்டை மடித்துச் செய்த சட்டம். இரண்டுமே ஓட்டின் எடையைப் பரவலாகத் தாங்குவதற்காகப் போடப்பட்டவை. ஒரே புள்ளியில் தொங்கும் 45 கிலோ எடையை, அதிலும் ஒவ்வொரு குத்துக்கும் எழும்பி விழுந்து கொக்கியை வெட்டி இழுக்கும் எடையை, அவற்றைப் போட்டவர் கணக்கில் எடுத்திருக்க மாட்டார். பலகை வீட்டின் உத்தரம் பார்வைக்குத் தடிமனாகத்தான் இருக்கும். உள்ளே கரையான் எவ்வளவு தின்றிருக்கிறது என்பதைக் கூர்மையான ஆணியால் பல இடங்களில் குத்திப் பார்க்காமல் யாரும் உறுதி சொல்ல முடியாது.

சுவரில் பொருத்தும் இரும்புக் கை மலிவானது. அதனாலேயே பலரும் அதை நாடுகிறார்கள். நம் தாமான் வீடுகளில் எடையைத் தாங்குவன கான்கிரீட் தூண்களும் விட்டங்களுமே. அவற்றுக்கு இடையில் எழுப்பிய சுவர் பெரும்பாலும் அரைச் செங்கல் தடிமனில் நிற்கும் தடுப்பு மட்டுமே. அதில் துளையிட்டு மாட்டிய இரும்புக் கை முதல் வாரத்தில் அசையாது. பிறகு திருகாணியைச் சுற்றியுள்ள சாந்து பொடிந்து உதிரும். இரு வீட்டுக்கும் பொதுவான சுவராக இருந்தால் விரிசல் அண்டை வீட்டாரின் கூடத்தில் தெரியும். சுவரில்தான் மாட்ட வேண்டும் என்றால் தூண் எங்கே இருக்கிறது என்று தட்டிப் பார்த்து, அந்தத் தூணில் மட்டும் துளையிட வேண்டும். இரட்டை மாடி வீட்டின் கீழ்த்தளத்திலோ, சில வீடுகளின் கார் நிறுத்தும் முன்பகுதியிலோ கான்கிரீட் விட்டம் இருந்தால் அங்கே மாட்டலாம். அப்போதும் ஒற்றைத் திருகாணியை நம்பாமல், நான்கு திருகாணிகள் கொண்ட தகட்டைப் பொருத்தி அதில் கொக்கியைப் போடுவதே பாதுகாப்பு. பையின் எடையைப் போல நான்கைந்து மடங்கு தாங்கும் என்று குறிக்கப்பட்ட சங்கிலியையும் வளையத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டுப் பின்புறத்து ரம்புத்தான் அல்லது மாமரக் கிளை செலவில்லாத வழி. ஈரமும் வெயிலும் பையைத் தின்றுவிடும் என்பதைத் தவிர அதில் வேறொரு குறையும் உண்டு: கயிறு கிளையில் உராய்ந்து மரப்பட்டையை அறுத்தால், கிளை மெல்லக் காய்ந்து ஒரு நாள் அறிவிப்பின்றி முறியும். லோரியில் சரக்கைக் கட்டும் அகலமான பழைய நாடாவைக் கிளையில் சுற்றி அதிலிருந்து சங்கிலியைத் தொங்கவிட்டால் இந்தச் சேதம் குறையும். பயிற்சி முடிந்ததும் பையைக் கழற்றி உள்ளே கொண்டுபோக வேண்டும். 45 கிலோ என்பது நன்கு விளைந்த இரண்டு செம்பனைக் குலைகளின் எடை. தினமும் அதைத் தூக்கி மாட்டிக் கழற்ற இரண்டு பேராவது வேண்டும். பலருடைய ஆர்வம் இந்த வேலையிலேயே தீர்ந்துவிடுகிறது.

ஆகவேதான் தனியாக நிற்கும் இரும்புச் சட்டத்தைப் பரிந்துரைக்கிறேன். பெட்டியில் வரும் ஆயத்தச் சட்டங்கள் பெரும்பாலும் மெல்லிய குழாயால் ஆனவை. ஓங்கிக் குத்தினால் சட்டமே தரையில் நகர்ந்து போகும். செம்பனை லோரிகளின் தொட்டிகளையும் கதவுகளையும் வெல்டிங் செய்யும் பட்டறைகள் நம் ஊரில் உண்டு. அவர்களிடம் தடித்த சதுரக் குழாயைக் கொண்டு, ஏறத்தாழ 240 சென்டிமீட்டர் உயரத்தில், பின்பக்கமும் பக்கவாட்டிலும் நீண்ட கால்களோடு ஒன்றைச் செய்யச் சொன்னால், கடைச் சட்டத்தைவிட உறுதியான பொருள் கிடைக்கும். கால்களின் மேல் மணல் மூட்டைகளை வைத்தால் சட்டம் நகராது. மண்டபத்தின் சிமெண்டுத் தரையாக இருந்தால் நேரே தரையில் திருகிவிடலாம். வெல்டிங் செய்த இணைப்புகளில் துரு தடுக்கும் சிவப்புப் பூச்சை அடித்த பிறகே மேல் வண்ணம் பூச வேண்டும். பிற்பகல்தோறும் மழை பெய்யும் பேராக் மாநிலத்தில் இதைத் தவிர்த்தால் இணைப்புகள்தாம் முதலில் துருப்பிடிக்கும். கொக்கிக்கும் சங்கிலிக்கும் இடையில் சுழல் வளையமும், முடிந்தால் ஒரு சுருள்வில்லும் இருக்கட்டும். வில் சட்டத்துக்குப் போகும் அதிர்ச்சியைக் குறைக்கும். சங்கிலி போடும் ஓசையையும் ஓரளவு அடக்கும்.

இனிப் பையைப் பார்க்கலாம். தொங்கும் பெரிய பைதான் குத்துச்சண்டையின் அடிப்படைக் கருவி. காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, உடல் எடையை முழங்கை வழியாகக் கைமுட்டிக்குக் கொண்டுவரும் வேலையை அது ஒன்றுதான் எதிர்த்து நின்று கற்றுத் தருகிறது. எவ்வளவு எடையில் வாங்குவது என்பதற்குப் பயிற்சியாளர்கள் சொல்லும் பழைய கணக்கு, குத்துபவரின் எடையில் பாதி என்பது. 1998-இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் மலேசியாவுக்குக் குத்துச்சண்டையில் தங்கம் வென்ற சாபோக் பிக்கி 48 கிலோ எடைப்பிரிவைச் சேர்ந்தவர். இந்தக் கணக்கின்படி அவருக்கு 24 கிலோ பை போதும். தனி ஒருவருக்கு இது நியாயமான அளவுகோல். கூடத்தில் 50 கிலோ இளைஞனும் 85 கிலோ இளைஞனும் மாறி மாறிக் குத்தும்போது, எடை அதிகமானவரை வைத்தே முடிவு செய்ய வேண்டும். இலேசான பை பெரியவரின் குத்துக்குப் பறந்து போய்விடும். அவரும் குத்துவதை விட்டுவிட்டுப் பையைத் தள்ளப் பழகிவிடுவார். கனமான பையில் சிறியவருக்கு இழப்பு அவ்வளவாக இல்லை. 40 முதல் 45 கிலோ வரை உள்ள பையைக் கூடத்துக்கு ஏற்றதாகக் கொள்ளலாம்.

பை ஒருமுறை ஆடித் திரும்ப ஆகும் நேரத்தை அதன் எடை தீர்மானிப்பதில்லை. தொங்கும் நீளமே தீர்மானிக்கிறது. எல்லா ஊசல்களுக்கும் பொருந்தும் விதிதான் இது. கொக்கியிலிருந்து பையின் நடுப்பகுதி வரை ஒரு மீட்டர் இருந்தால் ஒருமுறை போய்த் திரும்ப ஏறத்தாழ இரண்டு வினாடி ஆகும். இரண்டு மீட்டர் இருந்தால் கிட்டத்தட்ட 2.8 வினாடி. உயரமான மண்டபக் கூரையிலிருந்து நீண்ட சங்கிலியில் தொங்கவிட்ட பை அகலமாக, மெதுவாக ஆடும். அதைச் சுற்றி நடந்து, திரும்பி வரும் பையைக் காலால் விலகி எதிர்கொள்ளும் பழக்கத்துக்கு அது நல்லது. குட்டைச் சங்கிலியில் பை இடத்தைவிட்டு அதிகம் நகராது. சிறிய இடத்துக்கு அதுவே பொருத்தம். தன்னை நோக்கி வேகமாக வரும் பையை எதிர்த்து நேராகக் குத்துவதுதான் மணிக்கட்டுக்கு மிகவும் ஆபத்தானது என்பதைப் புதியவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

120 சென்டிமீட்டர் நீளம் குத்துச்சண்டைக்குப் போதும். உதையும் சேர்ந்த தோமோய் சண்டைக் கலையைப் பழகுகிறவர்களும் அதே கூடத்தைப் பயன்படுத்துவதானால், தொடை உயர உதைக்கும் இடம் வேண்டியிருப்பதால், 180 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒல்லியான பையை வாங்கலாம். அது தரையை ஏறத்தாழத் தொட்டுக்கொண்டு தொங்கும். அதற்கேற்பச் சட்டத்தின் உயரத்தைப் பட்டறையில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நிரப்புவது எதைக் கொண்டு என்பதில்தான் நம் பக்கத்தில் அதிகக் குழப்பம். இணையத்தில் வாங்கும் மலிவான பைகள் பெரும்பாலும் வெறும் உறையாகவே வருகின்றன. நிரப்பிய பைக்கு அனுப்பும் கூலியே அதன் விலையை எட்டிவிடும் என்பதால் விற்பவர்களைக் குறை சொல்வதற்கில்லை. உறை வந்ததும் பலரும் செய்வது ஆற்று மணலை அள்ளிப் போடுவது. 120 சென்டிமீட்டர் நீளமும் 35 சென்டிமீட்டர் விட்டமும் உள்ள உறையின் கொள்ளளவு ஏறத்தாழ 115 லிட்டர். உலர்ந்த மணல் லிட்டருக்கு 1.6 கிலோ அளவில் இருக்கும்; அப்படியானால் முழுவதும் மணல் நிரப்பிய பை 180 கிலோவைத் தாண்டும். அதை எந்தச் சங்கிலியிலும் தொங்கவிட்டுக் குத்த முடியாது. கால்வாசி மணலைப் போட்டு மேலே வேறெதையாவது திணித்தாலும் தொல்லை தீராது. ஒவ்வொரு குத்துக்கும் மணல் கீழே இறங்கிக் கெட்டிப்படும். சில வாரங்களில் பையின் அடிப்பாகம் கல்லாகவும் மேற்பாகம் காலியான துணியாகவும் ஆகிவிடும். விலாவுக்குக் குத்தப் பழகுகிறவன் அந்தக் கல்லில்தான் மோதுவான்.

மரத்தூள் இலேசாக இருக்கிறது, மரம் அறுக்கும் ஆலையில் சும்மாவே கிடைக்கிறது என்று சிலர் எடுத்து வருவார்கள். நம் காற்றில் உள்ள ஈரத்தை அது குடித்துக் கட்டியாகும், நாற்றமும் எடுக்கும். இலவம்பஞ்சு குத்துக்கு அமுங்கி எழும்பாது. தேங்காய் நார் பரவாயில்லை, ஆனால் அதை மட்டும் கொண்டு போதிய எடை வராது. செம்பனை ஆலையில் ஒதுக்கும் வெறுங்குலையின் நாரை யோசிப்பவர்களும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் நீங்காத நார் பூஞ்சணம் பிடிக்குமே ஒழிய நெடுநாள் உழைக்காது.

துணிதான் சரியான நிரப்பு. பெரிய பயிற்சிக் கூடங்களுக்குப் பை செய்பவர்களும் நறுக்கிய துணியைத்தான் திணிக்கிறார்கள். 115 லிட்டர் உறையில் துணியை நன்றாக இடித்து நிரப்பினால் எடை 40 முதல் 45 கிலோ வரை வரும். நமக்கு வேண்டிய எடையும் அதுவே. பழைய துணி விற்கும் பண்டல் கடைகளில் விற்காமல் தேங்கும் சட்டைகளையும் ஜீன்ஸ்களையும் கிலோக் கணக்கில் கேட்டுப் பார்க்கலாம். வீடு வீடாகக் கேட்டாலும் பழைய போர்வையும் துண்டும் சேரும். பொத்தான், ஜிப், கொக்கி அனைத்தையும் வெட்டி எடுத்துவிட்டு, துணியைக் கையகலத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு சாண் உயரத்துக்கும் உலக்கை போன்ற தடியால் இடித்து இறுக்க வேண்டும். முழுச் சட்டையாகச் சுருட்டிப் போட்டால் இடையிடையே வெற்றிடம் விழும். எடை போதவில்லை என்றால், சில கிலோ மணலை உறுதியான சிறு பைகளில் தைத்து, பையின் நடு அச்சில் மட்டும் மேலிருந்து கீழ் வரை பரவலாக வைத்துச் சுற்றிலும் துணியைத் திணிக்கலாம். முதல் மாதத்தில் துணி இறங்கும். மீண்டும் திறந்து மேலே நிரப்ப வேண்டியிருக்கும். அரை நாளாவது பிடிக்கும் வேலை இது. நான்கு பேர் இருந்தால் அலுப்புத் தெரியாது.

ஜோ ஃபிரேஸியரின் முதல் பை இப்படிப்பட்டதுதான். அமெரிக்காவின் தென் கரோலினாவில், பண்ணை வேலை செய்து பிழைத்த குடும்பத்தில் பிறந்த அவர், சிறுவனாக இருந்தபோது ஒரு சணல் சாக்கில் கந்தல் துணியையும் சோளக் கதிர்க் கட்டையையும் மரப்பாசியையும் திணித்து, நடுவில் ஒரு செங்கல்லையும் வைத்து ஓக் மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் குத்தினார். 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றதும் 1971-இல் முகமது அலியைத் தோற்கடித்ததும் அவரே. கந்தல் துணியை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம், செங்கல்லை விட்டுவிடுவோம்.

சாக்கு என்றதும் தோட்டத்தில் கிடைக்கும் உரப்பை பலருக்கு நினைவுக்கு வரும். அந்த நெய்த பிளாஸ்டிக் சாக்கு கையுறையையும் தோலையும் உரசிக் கிழிக்கும். வெயில் பட்டால் நொறுங்கும். ஒட்டியிருக்கும் உரத்தூள் கண்ணுக்கும் காயத்துக்கும் எரிச்சல் தரும். உள் உறையாக வைப்பதானால் நன்றாகக் கழுவிய பிறகு வைக்கலாம். வெளி உறையாக வேண்டாம்.

வெளி உறையைப் பொறுத்தவரை, அசல் தோல் குளிர் நாடுகளில் பல ஆண்டு உழைக்கும் என்பது உண்மைதான். இங்கே, காற்றோட்டமில்லாத மண்டபத்தில், பள்ளி விடுமுறைக்குப் பூட்டி வைத்துத் திறந்தால் அதன்மேல் பூஞ்சணம் படர்ந்திருக்கும். தோலைத் துடைத்து எண்ணெய் இட்டுப் பராமரிக்க ஆள் இருந்தாலொழிய அந்தச் செலவு வீண். செயற்கைத் தோல் என்று விற்கப்படுவதில் இரண்டு வகை உண்டு. பாலியூரித்தேன் பூச்சு கொண்டது கைக்கு மென்மையாக இருக்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு காலப்போக்கில் உரிந்து செதில் செதிலாக உதிரும். தடித்த வினைல் உறை சற்று முரடானது, வெயிலில் விறைக்கும், ஆனால் ஈரத்துக்கு அஞ்சாது; துடைத்தால் வியர்வை போய்விடும். நம் ஊருக்கு வினைலே நல்லது. லோரித் தார்ப்பாயைத் தைப்பவர்களிடம் கொடுத்தால் கிழிந்த உறையை ஒட்டுப் போட்டும் தருவார்கள். கான்வாஸ் வியர்வையைக் குடித்து நாறும். பலர் பகிரும் கூடத்துக்கு அது ஏற்றதன்று.

தொங்கவிட எந்த வழியும் இல்லாத அடுக்குமாடி வீட்டுக்காரருக்குத் தரையில் நிற்கும் பை இருக்கிறது. அடியில் உள்ள பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீரோ மணலோ நிரப்பினால் நிற்கும். 80 லிட்டர் தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் 80 கிலோ, உலர்ந்த மணல் போட்டால் ஏறத்தாழ 130 கிலோ, மணலின் இடைவெளிகளில் தண்ணீரும் ஊற்றினால் 160 கிலோ அளவுக்கு வரும். கடைசி வழி உறுதியானது. வீடு மாறும்போது அதைக் காலி செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இந்த வகையின் அடிப்படைக் குறை வேறு. குத்தும்போது மேற்பகுதி பின்னால் சாய்ந்து நிமிர்கிறது; தொங்கும் பையைப் போல எடையோடு திரும்பி வந்து ஆளை எதிர்ப்பதில்லை. கையை வளைத்துப் போடும் கொக்கிக் குத்துகளைப் பக்கவாட்டில் போட்டால் தொட்டியே சுழன்று நகரும். தனியாக ஒருவர் உடல் வியர்க்க, உத்திகளை நினைவில் வைக்கப் பயன்படுத்தலாம். பலமாகக் குத்தும் 80 கிலோ ஆளுக்கு அது பொம்மைதான். ஓசையும் நேரே தரைவழி கீழ் வீட்டுக்குப் போகும். அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டு, பிள்ளைகள் படிக்கும் நேரத்தையும் பக்கத்து வீட்டார் தொழுகை நேரத்தையும் தவிர்த்துப் பழகினால் முறையீடு வராமல் காலம் தள்ளலாம்.

தண்ணீர் நிரப்பிய உருண்டைப் பை அண்மைக் காலத்தில் பரவலாகியிருக்கிறது. 45 சென்டிமீட்டர் விட்டமுள்ளது ஏறத்தாழ 50 கிலோ எடை வரும். குத்தும் இடத்தில் தண்ணீர் விலகிக் கொடுப்பதால் விரல் மூட்டுகளுக்கும் தோளுக்கும் இதம். பழைய காயம் உள்ளவர்களுக்கும் நடுவயதில் பழக வருபவர்களுக்கும் இதை மனமாரப் பரிந்துரைப்பேன். மேல்நோக்கிக் குத்துவதற்கும் அதன் உருண்டை வடிவம் வசதி. விலை அதிகம், ஒரு கூரான பொருள் பட்டால் கதை முடிந்தது. அதை ஒத்த வடிவத்தில் துணி நிரப்பிய கண்ணீர்த்துளிப் பையும் உண்டு. முதல் பை வாங்கிய பிறகு பணம் மிஞ்சினால் பார்க்கலாம்.

இருமுனைப் பந்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் கூடங்களில் தகுதிக்கேற்ற மதிப்பு அதற்குக் கிடைக்கவில்லை. தலையளவு அல்லது அதைவிடச் சிறிய பந்து ஒன்று, மேலும் கீழும் இழுவை ரப்பரால் கட்டப்பட்டு, முகவாய் உயரத்தில் நிற்கும். குத்தினால் அது பின்னோக்கிப் பாய்ந்து, அதே வேகத்தில் குத்தியவரின் முகத்தை நோக்கி வரும். குத்திவிட்டுக் கையை முகத்துக்குத் திருப்பாதவன், தலையை நகர்த்தாதவன், மூக்கில் ஓர் அடி வாங்கிக் கற்றுக்கொள்வான். பெரிய பை திருப்பி அடிக்காது என்பதால் அதில் மட்டும் பழகியவர்களுக்கு இந்தக் குறை தெரிவதே இல்லை. பெரிய பையைக் குழிவிழக் குத்துவதில் பெயர் பெற்ற ஜார்ஜ் ஃபோர்மன் 1974-இல் கின்ஷாசாவில் அலியிடம் எட்டாவது சுற்றில் வீழ்ந்தது பலருக்கும் தெரிந்ததே. எதிரில் நிற்பவர் பையைப் போல் ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டிருப்பதில்லை.

இதற்கு எடை தாங்கும் கூரை வேண்டியதில்லை என்பது அடுத்த நன்மை. பந்தும் ரப்பரும் சேர்ந்து ஒரு கிலோ அளவில்தான் இருக்கும். நல்ல நிலையில் உள்ள மரச் சட்டமோ கதவு நிலையில் பொருத்திய கம்பியோ போதும். கீழ்முனைக்கு ஒரு வாளியில் சிமெண்டைக் கரைத்து ஊற்றி, அதில் கொக்கியைப் பதித்துக்கொள்ளலாம். உடன் வரும் இழுவைக் கயிறு தளர்ந்துவிட்டால், மோட்டார் சைக்கிளின் பழைய உள் டியூபை நீளவாக்கில் வெட்டிப் பயன்படுத்தலாம். பால்மரம் சீவிய ஊர்க்காரர்களுக்கு ரப்பரைப் பற்றிப் பாடம் வேண்டாம். வெயில் படும் இடத்தில் கட்டினால் வெடிப்பு விடும், அறுந்தால் முகத்தில் விளாசும், ஆகவே வெடிப்பு தெரிந்தவுடன் மாற்றிவிட வேண்டும். புதியவர்களுக்குப் பெரிய பந்தையும் தளர்ந்த ரப்பரையும் கொடுத்துத் தொடங்கலாம். கண்ணும் கையும் பழகியபின் ரப்பரை இறுக்கலாம்.

ஸ்பீட் பேக் எனப்படும், பலகையின் கீழ் படபடவென்று அடிபடும் சிறு பந்துதான் பார்ப்பவர்களை அதிகம் கவர்கிறது. 1975-இல் கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்கில் அலி ஜோ பக்னருடன் 15 சுற்று மோதியதை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் கூடத்துக்கு வந்தால், அந்தப் பந்து எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒரு குத்துக்குப் பந்து மூன்று முறை பலகையில் மோதும்; அந்த மூன்றாவது ஓசைக்குப் பின் அடுத்த குத்து. தோள்களை உயரத்திலேயே வைத்திருக்கும் வலிமையும் தாள உணர்வும் வளரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதில் கை போகும் பாதை வட்டமானது; எதிராளியை அப்படி யாரும் குத்துவதில்லை. அதோடு, பலகை அசையாமல் இருந்தால்தான் பந்து சீராகத் திரும்பும். அசையாத பலகைக்குத் தடித்த மரமும் உறுதியான சுவரும் வேண்டும். பந்தின் விலையைவிடப் பலகையின் செலவு பெரிது. அந்த ஓசை தரை வீட்டு வரிசையில் நான்கு வீடு தள்ளியும் கேட்கும். கூடத்தில் இரண்டாம் ஆண்டுச் செலவாக வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது பெரிய பந்தாக வாங்க வேண்டும். சிறியது வேகமாகத் திரும்பும், கற்பவருக்குக் கையில் அகப்படாது.

சுவரில் பதிக்கும் மெத்தைகளையும் பழைய லோரி டயர்களையும் ஏழைகளின் கருவி என்று ஒதுக்கிவிட வேண்டாம். மைக் டைசனை உருவாக்கிய பயிற்சியாளர் கஸ் டமாட்டோவின் கூடத்தில் ஒரு சட்டத்தைச் சுற்றி மெத்தைகளைக் கட்டி, அதன்மேல் மனித உருவை வரைந்து, தாடை, விலா என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் எழுதிய கருவி ஒன்று இருந்தது. பயிற்சியாளர் எண்ணைச் சொல்லச் சொல்ல வீரர் அந்த இடத்தைக் குத்த வேண்டும். 1965-இல் வில்லி பாஸ்ட்ரானோவை வென்ற ஹோசே டோரஸ் பழகியது அதில்தான். தோற்றவரின் பெயரால் அந்தக் கருவிக்கு வில்லி என்றே பெயர் நிலைத்தது. தூக்கி எறியும் பழைய மெத்தைகளைக் கொண்டு மண்டபத்துத் தூணில் இதைச் செய்துவிடலாம். பெரிய பையின்மேலும் சுண்ணாம்புக் கட்டியால் எண்களை எழுதலாம். டயருக்கு இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. தேய்ந்த டயரிலிருந்து எஃகுக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டதைத் தொடவே கூடாது. திறந்த வெளியில் வைத்த டயரில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின் கீழ் சுகாதார அதிகாரிகள் அபராதம் விதிக்கலாம். அடியில் பல துளைகள் இட்டுவிட்டால் நீர் தங்காது. குத்தும் பக்கத்தில் தடித்த நுரைமெத்தையைச் சுற்றிய பிறகே கையுறையோடு குத்த வேண்டும்.

தலையை நகர்த்தப் பழகுவதற்கான சிறு தொங்கு பையைக் காசு கொடுத்து வாங்குவது தேவையில்லை. கைப்பிடியளவு துணிப்பையில் மணலை நிரப்பி, நெற்றி உயரத்தில் கயிற்றில் தொங்கவிட்டு ஆட்டிவிட்டு, அது வரும்போது விலக வேண்டும். அவ்வளவுதான் அந்தக் கருவி. அரிசியோ பச்சைப்பயறோ போட்டால் வண்டு வரும், பிறகு எலியும் வரும்.

இடத்தையும் ஆளையும் வைத்துப் பொருத்திப் பார்த்தால் முடிவு எளிதாகிறது. பத்துப் பதினைந்து பேர் வரும் மண்டபத்துக்கு நான் முதலில் சொன்னதே பொருந்தும். சட்டத்தைச் செய்யும்போதே இரண்டு பைகள் தொங்கும் அகலத்தில் செய்துவிட்டு, இரண்டாவது கொக்கியில் இப்போதைக்கு இருமுனைப் பந்தைக் கட்டலாம். தரை வீட்டில் தனியாகப் பழகுகிறவர், கார் நிறுத்தும் இடத்தில் கான்கிரீட் விட்டம் இருந்தால் 30 கிலோ தொங்கும் பையை மாட்டலாம். விட்டம் இல்லையென்றால் கூரைச் சட்டத்தில் துணிந்து மாட்டுவதைவிட இருமுனைப் பந்தோடு நிறுத்திக்கொண்டு, பெரிய பைக்கு வாரத்தில் சில நாள் மண்டபத்துக்கு வருவது மேல். அடுக்குமாடியில் இருப்பவருக்கும் என் பரிந்துரை அதே பந்துதான். தரையில் நிற்கும் பையை அதற்குப் பிறகே சொல்வேன். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெரியவர்களின் 45 கிலோ பையில் ஓங்கிக் குத்தவிடக் கூடாது. அவர்களுக்கு 10 முதல் 15 கிலோ வரையிலான மென்மையான பை தனியாக வேண்டும். அதுவரை பெரியவர் ஒருவர் கையில் பிடிக்கும் மெத்தை போதும்.

எந்தப் பையை வாங்கினாலும், கையைச் சுற்றிக் கட்டும் நீளத் துணியான கைக்கட்டும் கையுறையும் அதே நாளில் வாங்கப்பட வேண்டும். வெறுங்கையோடு ஓங்கிக் குத்துபவர்களுக்கு அடிக்கடி முறிவது சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் இருக்கும் எலும்பின் கழுத்துப் பகுதி. ஒழுங்காகப் பழகாத கை பையில் பக்கவாட்டாகப் படும்போது அடியெல்லாம் அந்த எலும்புக்கே போகிறது. பெரியவர்களுக்கு 4.5 மீட்டர் கைக்கட்டும், பைப் பயிற்சிக்கு 12 முதல் 16 அவுன்ஸ் வரையிலான கையுறையும் ஏற்றவை. கையுறையைக் கூடத்தில் பகிர்ந்துகொள்ளலாம், கைக்கட்டு ஆளுக்கொன்று இருக்க வேண்டும். சேர்ந்த பணத்தில் கைக்கட்டுக்கு மிச்சம் இல்லை என்றால், ஆயத்தமாக நிரப்பிய பையை விட்டுவிட்டு வெறும் உறையை வாங்கி, துணியை ஊரிலேயே சேகரித்துக்கொள்ளலாம்.